கிளாடிஸ் படித்த பக்கம்

கச்சேரி ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் அப்துல் வஹீத் பிரவுசிங் சென்டர் திறந்தது தொண்ணூற்றெட்டில். செருப்பைப் படியிலேயே கழற்றிவிட வேண்டும். உள்ளே பலகைத் தடுப்பு போட்ட கூண்டுகள், கூண்டுக்கு ஒரு கம்ப்யூட்டர். மோடம் கத்திக் கத்தி லைன் கிடைப்பதற்குள் பாதிப் பொறுமை போய்விடும். கிடைத்த பிறகும் எந்த நிமிஷம் அறுந்துபோகும் என்று சொல்ல முடியாது. பள்ளிக்கூடம் விட்டதும் நானும் கிளாடிஸும் அங்கே போவோம்.

நாங்கள் இரண்டு பேரும் சாந்தோமில் ஒரே பள்ளியில் வேலை பார்த்தோம். நான் சயின்ஸ், அவள் கணக்கு. ரோசரி சர்ச் ரோட்டுக்குப் பின்னால் ஒரே கட்டடத்தில் குடியிருந்தோம். அவர்கள் கீழ் வீடு, நாங்கள் மேல் வீடு. அதனால்தான் இந்தக் கதை எனக்கு இவ்வளவு தெரியும். நான் நேரில் பார்க்காததைக் கிளாடிஸே பிற்பாடு எனக்குச் சொல்லியிருக்கிறாள்.

ஒருத்தர் கம்ப்யூட்டர் முன்னால் எப்படி உட்கார்ந்திருக்கிறார் என்று பார்த்தாலே அவரைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும் என்று எனக்கு ஒரு எண்ணம். நான் ஒரே நேரத்தில் ஐந்தாறு ஜன்னல் திறப்பேன், எதையும் முழுக்கப் படிக்க மாட்டேன். சமையல் குறிப்பு, சினிமா, ராசிபலன். தமிழ்ப் பத்திரிகை ஒன்றைத் திறந்தால் எழுத்துரு இல்லாமல் பூச்சி பூச்சியாக வரும். அதையும் விடாமல் தினம் ஒரு தடவை திறந்து பார்ப்பேன்.

கிளாடிஸ் அப்படி இல்லை. சுவரோரம் இருந்த கடைசி கம்ப்யூட்டரில்தான் உட்காருவாள். அதில் ஆள் இருந்தால், மற்றது எல்லாம் காலியாக இருந்தாலும் ஸ்டூலில் காத்திருப்பாள். அந்த ஒரு திரைதான் யார் கண்ணிலும் படாது. உட்கார்ந்ததும் கைக்குட்டையால் கீபோர்டைத் துடைப்பாள். படங்கள் வராதபடி நிறுத்திவிடுவாள். படம் இறங்கும் நேரத்தில் இன்னும் இரண்டு பக்கம் படிக்கலாம் என்பாள். முகவரியைத் தினமும் முதல் எழுத்திலிருந்து தானே அடிப்பாள். எழுந்திருக்கும் முன் பார்த்த இடத்தின் தடமெல்லாம் அழித்துவிட்டுத்தான் வருவாள். அதை அவளுக்குக் கற்றுக்கொடுத்தது வஹீத்தான், எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல்.

அவள் பார்த்தது மூன்றே வெப்சைட். முதலில் ஒரு எண் புதிர்ப் பக்கம். பேனா எடுக்காமல் மனதிலேயே போட்டுப் பார்ப்பாள். விடை சரியாக வந்தால்தான் அடுத்த வெப்சைட்டுக்குப் போவாள். அன்றைக்குத் தப்பாக வந்தால், "இன்னிக்கு வேண்டாம், நீரஜா" என்று எழுந்துவிடுவாள். இரண்டாவது, கரும்பச்சைப் பின்னணியில் வெள்ளை எழுத்தாக ஓடும் ஒரு பக்கம். அதில்தான் அவள் நேரமெல்லாம் போகும். மூன்றாவது, எந்த நாட்டிலோ யாரோ வளர்க்கும் ரோஜாத் தோட்டம். அதற்கு மட்டும் படம் போட விடுவாள். மேலிருந்து வரிவரியாக ஒரு பூ இறங்கி முடிகிற வரை கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பாள். "அந்த முகத்தோட வீட்டுக்குப் போகக் கூடாது, இல்லையா" என்றாள் ஒரு தடவை. எந்த முகத்தோடு என்று நான் கேட்கவில்லை. எனக்கு அப்போதே தெரிந்திருந்தது.

அவள் கணவர் ஆரோக்கியநாதன் ஈக்காட்டுத்தாங்கலில் மோட்டார் உதிரிபாகம் செய்யும் பட்டறையில் சூப்பர்வைசர். நல்ல உயரம். கோயில் திருவிழாவில் தேர்க்கட்டையைத் தோளில் வாங்குகிற ஆள். தொண்ணூற்றேழு கடைசியில் ஸ்கூட்டர் கிளட்சைப் பிடிக்க இடது கைக்கு வலுவில்லை என்றார். கேபிளை மாற்றினார்கள். பிறகுதான் கோளாறு கையில் என்று தெரிந்தது. தோள் சதை தோலுக்கு அடியில் புழு ஊர்கிற மாதிரி தானாகத் துடிக்க ஆரம்பித்தது. ஏறி இறங்கின ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் பிறகு ஒரு பெரிய டாக்டர் கிளாடிஸை மட்டும் உள்ளே கூப்பிட்டு நோயின் பெயரைச் சொன்னார். தசைகளுக்கு உத்தரவு போடும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வருகிற நோய். புத்தி மட்டும் கடைசி வரை தெளிவாக இருக்கும். "இதுக்கு மருந்து இல்லம்மா. நல்லாப் பாத்துக்கோங்க" என்றார். அடுத்தது என்ன வரும், எப்போது வரும் என்று இவள் கேட்டதற்கு, "வரும்போது பாத்துக்கலாம்" என்று அடுத்த ஆளைக் கூப்பிட மணியை அடித்துவிட்டார்.

கணக்கு டீச்சரிடம் சொல்லக்கூடிய பதிலா அது. அப்படித்தான் அவள் வஹீத்தின் மாடிக்கு வந்து சேர்ந்தாள்.

வீட்டில் அவள் சொன்னது வேறு. கணவரிடமும், மூன்றாம் வருஷம் பி.காம். படித்துக்கொண்டிருந்த மகள் ஷெரிலிடமும், "நரம்புத் தளர்ச்சி. மெதுவாத்தான் சரியாகும்" என்றாள்.

அந்தக் கரும்பச்சைப் பக்கம், இதே நோய் வந்தவர்களின் குடும்பத்தார் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளும் இடம். நூற்றுக்கணக்கான பேர் எழுதினார்கள். கிளாடிஸ் ஆரம்பத்தில் எல்லோரையும் படித்தாள். பிறகு டோரீன் என்று ஒருத்தியை மட்டும் படித்தாள். கனடாவில் ஏதோ பனிக் காட்டு ஊர். அவளுடைய கணவருக்கும் இடது கையில்தான் தொடங்கியிருந்தது. இவரைவிட ஏறக்குறைய அரை வருஷம் முன்னால் போய்க்கொண்டிருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம். டோரீன் எதையும் மறைக்காமல் எழுதுவாள். கிளாடிஸ் ஒரு வரிகூட எழுதினதில்லை. படிப்பதோடு சரி.

டோரீன் எழுதியதை வைத்துக் கிளாடிஸ் முன்கூட்டியே தயாரானாள். கரண்டி பிடிக்க முடியாமல் போகும் என்று படித்தவுடன் பாண்டி பஜாருக்குப் போய்த் தடித்த பிடி வைத்த ஸ்பூன் தேடி வாங்கினாள். தண்ணீர் புரையேறும், கெட்டியாகக் கொடுக்க வேண்டும் என்று படித்தாள். மறுநாளிலிருந்து கேழ்வரகுக் கஞ்சியைக் கூழாகக் காய்ச்சிப் பழக்கினாள். பேச்சு குழறும் என்று படித்தாள். எழுத்தைக் காட்டிப் பேசுவதற்காக அட்டையில் அ, ஆ எழுதிச் சுவரில் மாட்டினாள். "இது எதுக்கு, ஸ்கூல் பசங்களுக்கா?" என்று அவர் சிரித்தார். தீபாவளிக்குள் அந்த அட்டை அவருக்கே தேவைப்பட்டது.

அதற்கடுத்த மாதம் கழுத்தைத் தாங்கிப் பிடிக்கும் மெத்தென்ற பட்டை ஒன்று வாங்கிக்கொண்டு வந்தாள். நானும் கூட இருந்தேன். அவர் நாற்காலியில் தலை நிமிர்ந்துதான் உட்கார்ந்திருந்தார். பையிலிருந்து அவள் அதை எடுத்ததைப் பார்த்தார். பேச்சு அப்போது கொழகொழவென்றுதான் வரும், ஆனால் அந்த வார்த்தை எனக்குத் தெளிவாகக் கேட்டது.

"இப்ப கழுத்தா?"

கிளாடிஸ் பட்டையை மடித்துப் பிடித்துக்கொண்டாள்.

"நீ எதை வாங்கிட்டு வந்தாலும், அது எனக்கு வந்துடுது, கிளாடி" என்றார். "ஸ்பூன் வந்துச்சு, கை போச்சு. அட்டை வந்துச்சு, நாக்கு போச்சு. நீ அந்தக் கம்ப்யூட்டர் மாடிக்குப் போற அன்னிக்கெல்லாம் எனக்கு உதறுது. இனிமே அங்க போகாத."

"சரிங்க" என்றாள். பட்டையைப் பைக்குள்ளேயே திரும்ப வைத்தாள்.

ஆனால் போவதை நிறுத்தவில்லை. பள்ளியில் ஸ்பெஷல் கிளாஸ் என்று சொல்லிவிட்டு வந்தாள். முன்பெல்லாம் இருந்த நிதானம் போய்விட்டது. புதிரைப் போடுவதில்லை, நேராக டோரீனிடம் போனாள். திரையில் மூக்கு இடிக்கிற மாதிரி குனிந்து படிப்பாள். தொண்டையில் சளியும் சோறும் அடைத்துக்கொண்டால் உறிஞ்சி எடுக்க ஒரு மெஷின் வேண்டும், அது கையோடு இல்லாததால் தன் கணவர் சாகிற நிலைக்குப் போய்விட்டார் என்று டோரீன் எழுதியிருந்தாள். கிளாடிஸ் தேனாம்பேட்டையில் ஆஸ்பத்திரி சாமான் விற்கிற கடையில் அந்த மெஷினை வாங்கி ஆட்டோவில் ஏற்றினாள். கீழ் வீட்டுக்குள் கொண்டுபோக முடியாதே. "உங்க வீட்டுல வெச்சுக்கிறியா, நீரஜா?" என்றாள்.

எங்கள் கட்டிலுக்கு அடியில் தள்ளினோம். என் கணவர் கல்யாணராமன் அன்று ராத்திரியே காலை இடித்துக்கொண்டு, "என்னடி இது, ஆத்துல ஆஸ்பத்திரி ஆரம்பிக்கப் போறியா?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். பிறகு அவரே அதைக் கால் படாமல் உள்ளே தள்ளி வைத்தார்.

டோரீனின் அடுத்த கடிதம் வர நாளாயிற்று. கிளாடிஸ் தினமும் போய் டோரீனின் பெயர் இல்லாத பக்கத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். கடைசியில் ஒரு நாள் வந்தது. ரொம்பச் சின்னது. கணவருக்கு மூச்சு நின்றுபோகிற நிலை வந்தது, பதற்றத்தில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன், கழுத்தில் துளை போட்டு மூச்சு மெஷினில் இணைத்துவிட்டார்கள். இப்போது அவரால் கண்ணிமையைக்கூட அசைக்க முடியவில்லை. உள்ளே விழித்துக்கொண்டுதான் இருக்கிறார். அவரைக் கேட்காமலே செய்துவிட்டேன். இனிமேல் கேட்க வழியில்லை. இவ்வளவுதான்.

அன்று கிளாடிஸ் ரோஜாவைத் திறக்கவில்லை. படியில் செருப்பைக்கூட மாட்டாமல் இறங்கிவிட்டாள். நான் கையில் எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

அது நடந்து கொஞ்ச நாளில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, கீழ் வீட்டில் கோயில் பூசை முடிந்து வந்து மத்தியானச் சாப்பாட்டு நேரம். ஷெரில் மாடிப்படியில் கத்திக்கொண்டே ஓடி வந்தாள். "ஆன்ட்டி, டாடிக்கு அடைச்சுக்கிச்சு!" என் கணவர் மெஷினைத் தூக்க, நான் ஒயரைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். ஆரோக்கியநாதன் முகம் கறுத்துப்போயிருந்தது. கிளாடிஸ் ஒரு தடுமாற்றமும் இல்லாமல் பிளக்கைச் சொருகி, குழாயை அவர் வாய்க்குள் விட்டு உறிஞ்சினாள். முன்பே நூறு தடவை செய்து பழகினவள் மாதிரி இருந்தது. அவருக்கு மூச்சு வந்தது.

வந்ததும் அவர் முதலில் பார்த்தது மெஷினை. பிறகு என்னை. பிறகு அவளை. அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் கோபப்படவில்லை.

"இன்னும் என்ன வாங்கி வெச்சிருக்க?"

"வேற ஒண்ணும் இல்லைங்க."

"அப்ப இதுக்கப்புறம் ஒண்ணுமில்லையா?"

கிளாடிஸ் மகளைத் திரும்பிப் பார்த்தாள். "ஷெரில், மெடிக்கல் ஷாப்புக்குப் போய் பஞ்சு வாங்கிட்டு வா" என்றாள். நாங்களும் மேலே வந்துவிட்டோம்.

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். நோயின் பெயரை அன்றுதான் அவர் முதல் தடவை கேட்டார். டோரீன் யார், அவள் கணவருக்கு எது எதற்குப் பிறகு எது போயிற்று, மூச்சு மெஷின், இமை, கேட்காமல் போட்டது, எல்லாம். முடிந்ததும், "என்னைக் கேளு" என்றார்.

அவளுக்குப் புரியவில்லை.

"அந்தம்மா கேக்காம விட்டாங்கல்ல. நீ கேளு. எனக்கு வாய் வரும்போதே கேளு."

மூச்சு மெஷின் போடட்டுமா என்று கேட்டாள். "வேண்டாம்" என்றார். திரும்பக் கேட்டாள். திரும்பவும் அதையே சொன்னார். வீட்டிலேயே இருந்துவிடுவது என்று முடிவாயிற்று. அன்று சாயங்காலம் அவரே அந்தக் கழுத்துப் பட்டையை எடுத்துவரச் சொல்லிப் போட்டுக்கொண்டார்.

மறுநாள் கிளாடிஸ் அந்தப் பக்கத்தில் முதல் தடவையாக எழுதினாள். டோரீனுக்கு இரண்டு வரி: நான் என் கணவரைக் கேட்டுவிட்டேன், அதற்கு நீங்கள்தான் காரணம். பதில் வந்தது. எத்தனை நாளாக நீ எங்களோடு இங்கே உட்கார்ந்திருக்கிறாய், ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று டோரீன் கேட்டிருந்தாள். கிளாடிஸ் அதைப் படித்து, தடத்தை அழித்துவிட்டு எழுந்தாள். அதற்குப் பிறகு டோரீன் எழுதி நாங்கள் பார்க்கவில்லை.

தொண்ணூற்றொன்பது அக்டோபரில், மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில், ஆரோக்கியநாதனுக்கு மூச்சு மேலே மேலே வாங்க ஆரம்பித்தது. குடும்ப டாக்டர் சுவாமிநாதன் வந்து பார்த்தார். "ஆஸ்பத்திரிக்குப் போனா டியூப் போடுவாங்கம்மா. போட்டா, எடுக்க முடியாது. நீங்கதான் சொல்லணும்" என்றார். ஆஸ்பத்திரி வேண்டாம் என்று கிளாடிஸ் தலையை ஆட்டினாள். அவர் ஒரு ஊசி போட்டுவிட்டு ஹாலில் உட்கார்ந்துகொண்டார். பங்குச் சாமியார் குடையோடு வந்து, நெற்றியில் எண்ணெய் தொட்டு நோயில் பூசுதல் கொடுத்தார்.

ஷெரிலுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஏன் எல்லாரும் சும்மா உக்காந்திருக்கீங்க? ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க!" என்று அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். கிளாடிஸ் அவர் கையை விடவில்லை. "டாடிக்கு வேண்டாமாம்மா" என்றாள். அவர் மகளைப் பார்த்து ஏதோ சொல்ல உதட்டைக் குவித்தார். சத்தம் வரவில்லை. மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது.

டோரீனைப் பற்றியும் அவரைக் கேட்டதைப் பற்றியும் கிளாடிஸ் மகளிடம் சொன்னது அடக்கத்துக்கு முந்தின ராத்திரிதான். அடக்கம் முடிந்து வந்த அன்று, உறவுக்காரர்கள் நடுவில் வைத்து ஷெரில் சொன்னாள்: "அந்தக் கம்ப்யூட்டர்ல படிச்சுப் படிச்சே நீ டாடியக் கொன்னுட்டே."

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சே நின்றுபோனது. தட்டு வைக்கிற சத்தமும் குழாய்ச் சத்தமும்தான் மேலே கேட்கும். கிளாடிஸ் லீவு முடிந்து பள்ளிக்கு வந்தாள், பாடம் எடுத்தாள், திருத்தினாள். டீச்சர்ஸ் ரூமில் யாராவது ஆறுதல் சொன்னால் நோட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவாள்.

டிசம்பரில் ஒரு நாள் ஷெரில் தானாகவே, "அந்தப் பக்கத்தைக் காட்டு" என்றாளாம். கிளாடிஸுக்குத் தனியாகப் போக பயம். என்னையும் கூப்பிட்டாள்.

வஹீத் கடைசி கம்ப்யூட்டரில் இருந்தவரை எழுப்பி வேறு இடத்தில் உட்காரவைத்தார். "உக்காருங்க, டீச்சர்" என்றவர் ஷெரிலைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார். கிளாடிஸ் முகவரியை அடித்துக் கொடுத்துவிட்டு நகர்ந்து நின்றாள். ஷெரில் டோரீனை முதல் கடிதத்திலிருந்து படித்தாள். கிளட்ச் மாதிரியே ஏதோ ஒன்று, ஸ்பூன், கஞ்சி. பாதி வழியில் நிறுத்தி, கடிதத்தின் மேலே இருந்த தேதியில் விரலை வைத்தாள்.

"தண்ணி புரையேறும்னு இவங்க எழுதினது போன வருஷம் ஜூன்ல."

"ஆமா."

"அப்பவே உனக்கு எல்லாம் தெரியும்."

"தெரியும்."

"செப்டம்பர்ல நான் காலேஜ் டூர் போனேன். ஊட்டிக்கு. டாடி நல்லாப் பேசிட்டிருந்த கடைசி வாரம் அது. திரும்பி வந்தப்ப அவர் பேசினது எனக்குப் பாதி புரியல. தெரிஞ்சிருந்தா போயிருப்பேனா மம்மி?"

"நீ சின்னப் பொண்ணு. பரீட்சை இருந்துச்சு. உன் மனசு கெடக் கூடாதுன்னு..."

"எனக்கு இருபது வயசு. எங்கேயோ கனடாவுல இருக்கிறவங்களுக்குத் தெரியுது, மேல் வீட்டு ஆன்ட்டிக்குத் தெரியுது. அவர் பொண்ணு எனக்குத் தெரியல. நீ டாடிய கேட்டேன்னு சொல்றியே, அன்னிக்கு என்னைப் பஞ்சு வாங்க அனுப்பினே."

கிளாடிஸ் பலகைத் தடுப்பைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்துக் கூண்டில் யாரோ பாட்டு போட்டிருந்தார்கள். வஹீத் போய் அதை நிறுத்தினார். ஷெரில் எழுந்து தனியாக இறங்கிப் போனாள். அன்றைக்குக் கிளாடிஸ் எதையும் அழிக்கவில்லை. திரை அப்படியே இருந்தது.

அந்தப் பக்கத்தை அவள் அதற்குப் பிறகு திறக்கவில்லை. உன்னை மாதிரி பட்டவர்கள் எழுதினால் புதிதாக வருகிறவர்களுக்கு உதவியாக இருக்குமே என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். "நான் எதைச் சொன்னாலும் அது அவங்களுக்கு வந்துடும், நீரஜா" என்றாள். பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

கிறிஸ்துமஸுக்கு அந்த வீட்டில் நட்சத்திரம் கட்டவில்லை. பண்டிகை முடிந்த மறுநாள், துணி மடித்துக்கொண்டிருக்கும்போது, கிளாடிஸ் மகளிடம் தானாகச் சொல்லியிருக்கிறாள்.

"ஷெரில், டாடி போன அன்னிக்கு நான் கூப்பிடப் பாத்தேன். டாடிக்குக் கொடுத்த வாக்கெல்லாம் மறந்துபோச்சு. ஹாலுக்கு வந்து போன எடுத்து ஆம்புலன்ஸ் நம்பர் பாதி அமுக்கிட்டேன். அப்புறம் வெச்சுட்டேன்."

"பாத்தேன் மம்மி."

கிளாடிஸ் மடித்த சட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு மகளைப் பார்த்தாள்.

"நீ வெச்சுட்டு உள்ள போனே. நான் போன்கிட்டயேதான் நின்னுட்டிருந்தேன். நான் எடுத்துக் கூப்பிட்டிருக்கலாம். கதவு வழியா டாடி மூஞ்சியப் பாத்தேன். என்னால எடுக்க முடியல." கையிலிருந்த துணியைக் கட்டிலில் போட்டாள். "அதுக்குத்தான் உன்னைத் திட்டினேன்."

இரண்டு பேரும் கட்டிலில் துணிக்கு நடுவில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். அவர் போன பிறகு சேர்ந்து அழுதது அன்றுதான். அழுகைச் சத்தம் மேலே எங்களுக்கும் கேட்டது. நான் இறங்கப் போனேன். என் கணவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார்.

ஷெரில் பிப்ரவரியில் தி.நகரில் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் சேர்ந்தாள். அம்மாவும் மகளும் இப்போது பேசிக்கொள்கிறார்கள். ஆனால் ஊட்டியைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் ஷெரில் எழுந்து உள்ளே போய்விடுகிறாள். கிளாடிஸ் அவளைத் திரும்பக் கூப்பிடுவதில்லை.